பொருள் எண் பதினேழு

ஜூன் 3

நகராட்சியில் இன்று டேப்லெட் கொடுத்தார்கள். இருபத்தொரு கவுன்சிலருக்கும் ஆளுக்கொன்று. மன்றக் கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டிய பொருள்கள் இனிமேல் காகிதத்தில் வராது, இதில்தான் வரும் என்று தலைவர் நாச்சிமுத்து மைக்கில் அறிவித்தார். கைதட்டினோம். "மேகலா அம்மிணி, இந்தப் பக்கம் பாருங்" என்றார் போட்டோகிராபர். குரல் வந்த பக்கம் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்து திறந்தேன். நான் பிறவியிலேயே பார்வை இல்லாதவள். திரையில் இருப்பதைப் போனும் கம்ப்யூட்டரும் எனக்கு வாய்விட்டுப் படித்துச் சொல்லும். என் சம்பளமே அதில்தான் வருகிறது. பேங்க் ஆப், டிக்கெட் ஆப் எல்லாம் என்னைப் போன்றவர்களுக்குச் சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்து, பிழைகளை எழுதிக்கொடுப்பது என் வேலை. கம்பெனி கோயம்புத்தூரில், நான் செங்கோட்டுப்பாளையத்தில் என் அறையில்.

டேப்லெட் முதல் பக்கத்தில் "படம்" என்றது. அடுத்த பக்கமும் "படம்". கடைசிவரை அதேதான். அலுவலகத்தில் டைப் அடித்து, பிரிண்ட் எடுத்து, சீல் குத்தி, கையெழுத்துப் போட்டு, அதைத் திரும்ப ஸ்கேன் செய்து அனுப்புகிறார்கள். கிளார்க்குக்குப் போன் செய்தேன். "அடுத்த மாசம் பாத்துக்கலாங்க மேடம்" என்றார்.

படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஆப் என்னிடம் இருக்கிறது. ஆனால் தமிழும் சீலும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் உளறும். அண்ணன் வாசித்தால் ஒழுங்காகக் கேட்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் குமரேசண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பொருளாகப் படித்தார். சின்ன வயதில் பாடப் புத்தகம் படித்துக்காட்டிய அதே குரல்.

ஜூன் 5

மன்றக் கூட்டம். "பொருள் ஒன்று முதல் பத்தொன்பது வரை படிக்கப்பட்டதாகக் கருதி அங்கீகரிக்கலாங்களா?" என்று தலைவர் கேட்டார். கை தூக்கினோம். டீ, பஜ்ஜி. பதினொரு பெண்கள் இருக்கிறோம். எங்கள் யாருடைய குரலும் இன்று மைக்கில் ஒலிக்கவில்லை.

என் பக்கத்தில் ஐந்தாம் வார்டு ருக்குமணியக்கா. அவருடைய வீட்டுக்காரர் எப்போதும் கதவோரம் நிற்பார். அவர் தொண்டையைச் செருமினால் அக்காவின் வளையல் மேலே போகும். அந்தச் சத்தத்தை வைத்து நானும் தூக்கிவிடுவேன்.

ஜூன் 14

எங்கள் ஒன்பதாம் வார்டில் அடைத்துக் கிடந்த சாக்கடையை எடுத்தார்கள். நான் எழுதிக்கொடுத்த மனு. தெருவில் நான்கைந்து பேர் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். கை கழுவியும் ப்ளீச்சிங் பவுடர் வாசம் போகவில்லை.

அண்ணன் சந்தோஷமாக இருந்தார். கட்சியில் பதினைந்து வருடமாக உழைத்தவர். வார்டு பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டதால் அவர் நிற்க முடியவில்லை. அண்ணி பிரேமலதா அரசுப் பள்ளி ஆசிரியை, அவரும் நிற்க முடியாது. அப்படித்தான் எனக்கு வந்தது. "நீ சும்மா நில்லு கண்ணு, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார். சொன்னபடியே பார்த்துக்கொள்கிறார்.

ஜூன் 22

ரயில் டிக்கெட் ஆப் ஒன்றில் 'ரத்து செய்' பொத்தானுக்குப் பெயரே வைக்கவில்லை. போன் வெறுமனே "பொத்தான்" என்கிறது. எழுதி அனுப்பினேன். ராத்திரிக்குக் கீரைக்கூட்டு.

ஜூலை 2

இந்த மாதப் பொருள்கள் வந்தன. மறுபடியும் படம். அண்ணன் படித்தார். நடுவில் யாரோ போன் செய்தார்கள். எழுந்து வாசலுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்து, "எங்க விட்டேன்? சரி, இனி பொறப்பு இறப்புக் கணக்கும் டீசல் செலவும்தான். அது கெடக்குது" என்று முடித்துவிட்டார்.

சமையலறையிலிருந்து அண்ணி, "அதையுந்தான் படிச்சிருங்களே" என்றார்.

"நீ குழம்பப் பாரு" என்றார் அண்ணன்.

அண்ணி கரண்டியைச் சத்தமாக வைத்தார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கை நேரம், அவருக்குக் களைப்பு.

ஜூலை 4

கூட்டம். எல்லாம் நிறைவேறியது. கை தூக்கும்போது ருக்குமணியக்கா என் காதில், "பதினேழு என்னதுங் அம்மிணி?" என்று கேட்டார். "டீசல் செலவுங்கக்கா" என்று சொன்னேன்.

ஜூலை 23

அண்ணிக்குக் காய்ச்சல். நானே காய் வாங்க மார்க்கெட்டுக்குப் போனேன். தினசரி மார்க்கெட் என் வார்டில்தான் இருக்கிறது. வழி எனக்குப் பாடம். புளி மண்டி வாசம் வந்ததும் இடதுபக்கம் திரும்பினால் கீரைக்காரர்கள்.

ராமாத்தாளிடம் தண்டுக்கீரை கேட்டேன். எப்போதும் "வாங் சாமி" என்பவர் இன்று கீரைக்கட்டை என் பையில் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார்.

"ஏனுங், ஒடம்பு சரியில்லீங்களா?"

"என்ற ஒடம்புக்கு என்னங். உங்களத்தான் கேக்கோணும்னு இருந்தேன். எங்க கக்கூசு என்னங் பண்ணுச்சு உங்கள?"

எனக்கு விளங்கவில்லை. பக்கத்துக் கடைப் பெண்கள் நெருங்கி வந்தார்கள். மார்க்கெட்டில் இருக்கும் பெண்கள் கழிப்பிடத்தை இடித்துவிட்டு அங்கே ஆறு கடை கட்டப் போகிறார்களாம். பெண்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க்கொள்ள வேண்டுமாம். ஓவர்சியர் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்.

"அப்படி ஒரு பொருள் மன்றத்துக்கு வரவே இல்லீங்" என்றேன்.

"பதினேழாம் நெம்பராமா. எல்லாரும் கை தூக்கீட்டாங்க, உங்க வார்டு அம்மிணியே தூக்கீருச்சுன்னு ஓவர்சியரு சிரிக்கறாரு."

ராமாத்தாள் விடிவதற்கு முன்பே வந்து உட்காருகிறவர். சரக்கை விட்டுவிட்டுப் பஸ் ஸ்டாண்டு வரை போய்வர முடியாது. கழிப்பிடம் ரிப்பேரில் கிடந்த காலத்தில் வியாபாரம் முடியும்வரை வாயில் தண்ணீரே ஊற்றமாட்டாராம். இரண்டு தடவை நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களாம். இதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கீரைக்குக் காசு வாங்கிக்கொண்டு மிச்சத்தை என் உள்ளங்கையில் எண்ணி வைத்தார்.

விசாரித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

ஜூலை 24

டேப்லெட்டில் இருந்த ஜூலைப் பொருள்களை என் கம்ப்யூட்டருக்கு மாற்றி, எழுத்தைப் பிரிக்கும் ஆப்பில் போட்டேன். உளறியது. ஆனால் புரிகிற அளவுக்குத்தான் உளறியது. "பொருள் எண் பதினேழு. தினசரி மார்க்கெட் வளாகத்தில் பழுதடைந்த பெண்கள் கழிப்பிடக் கட்டடத்தை இடித்து அகற்றி, அவ்விடத்தில் ஆறு கடைகள் கட்டுதல். ஒன்பதாவது வார்டு உறுப்பினரின் பரிந்துரை பெறப்பட்டது."

நான் எந்தப் பரிந்துரையும் கொடுத்ததில்லை. கையெழுத்து வேண்டும் என்று அண்ணன் கேட்கிற இடத்தில் போடுவதுண்டு. விரலை அந்த இடத்தில் கொண்டுபோய் வைப்பார்.

ஜூலை 25

வேலை அதிகம். துணி துவைத்தேன். படிக்கும்போது பக்கம் தவறித் தள்ளியிருக்கலாம். டேப்லெட்டில் விரல் கொஞ்சம் அதிகம் பட்டாலே இரண்டு பக்கம் ஓடிவிடும். எங்கள் சோதனையில் இது அடிக்கடி வருகிற பிழைதான்.

ஜூலை 27

அண்ணிக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டே கேட்டேன். "அண்ணி, அன்னைக்கு மிச்சத்தையும் படிச்சிருங்கன்னு சொன்னீங்களே, அது டீசல் செலவுதான?"

அண்ணி கஞ்சியைக் குடித்து முடித்தார். பிறகு, "உங்கண்ணனக் கேளு மேகலா. என்னய நடுவுல நிறுத்தாத" என்றார்.

ஜூலை 28

கேட்டேன்.

"பதினேழாம் பொருள எனக்கு ஏண்ணா படிக்கல?"

அண்ணன் டிவி சத்தத்தைக் குறைத்தார். "எந்தப் பதினேழு?"

"மார்க்கெட் கக்கூஸ்."

"அதா. உனக்கு வேண்டியதப் படிச்சேன் அம்மிணி. வேண்டாத தலைவலிய எதுக்கு உன்ற தலையில கட்டோணும்?"

"கை தூக்குனது நானு."

"நீ தூக்கலீன்னா நின்னுருமாக்கும்? தலைவரு முடிவு பண்ணியாச்சு. ஆறுல ஒரு கடை நமக்குன்னு சொல்லியிருக்காரு. யாருக்காகன்னு நெனைக்கற? நாளைக்கு எனக்கொண்ணு ஆயிப்போச்சுன்னா உன்னய ஆரு பாப்பா?"

"எனக்குச் சம்பளம் வருதுண்ணா. என்ற பேர்ல பரிந்துரைன்னு எழுதியிருக்காங்க. அந்தப் பொம்பளைக என்னயக் கேக்கறாங்க."

அப்போதுதான் அவர் குரல் மாறியது. "ஆரு உனக்கு ஓட்டுப் போட்டா? உன்ற பேச்சக் கேட்டா போட்டாங்க? கண்ணு தெரியாத புள்ளைன்னு பாவம் பாத்துப் போட்டாங்க. அந்தக் கணக்குலதான் உன்னய நிறுத்துனேன். கண்ணு தெரிஞ்ச பத்துப் பொம்பளைக அங்க வாய மூடீட்டுக் கை தூக்கறாளுக. உனக்கு மட்டும் என்ன?"

அண்ணி உள்ளிருந்து, "போதுங், விடுங்" என்றார்.

நான் சாப்பிட்டேன். தட்டைக் கழுவி வைத்தேன். நாளைக்குக் கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும்.

ஜூலை 30

ருக்குமணியக்கா வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரர் தறிக்குடோனுக்குப் போயிருந்தார். பதினேழு டீசல் செலவு இல்லை, நான் சொன்னது தப்பு என்று சொன்னேன்.

அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீயாச்சும் ஏதோ ஒண்ணுன்னு சொன்ன. எனக்கு எங்கூட்டுக்காரரு அதையுஞ் சொல்றதில்ல" என்றார்.

"உங்க டேப்லெட் எங்கக்கா?"

"அதுல அவரு கிரிக்கெட்டுப் பாக்கறாரு. என்ற கையில குடுத்தாலும் நான் என்ன பண்ணுவேன் கண்ணு? அஞ்சாவதோட நின்னவ. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதுல இருக்கற தமிழப் படிச்சு முடிக்கறதுக்குள்ள கூட்டமே முடிஞ்சுரும்."

என் போனில் பதினேழாம் பொருளைப் போட்டுக் காட்டினேன். போன் படித்தது. எனக்குப் பழக்கமான வேகம், அக்காவுக்கு அது மழை கொட்டுவதுபோல் இருந்திருக்கும். "மெதுவாப் பேசச் சொல்லு, ஓடறாளே" என்றார். வேகத்தைக் குறைத்தேன். மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை கூடவே அவரும் சொன்னார். "இடித்து அகற்றி."

"என்ற மாமியா அந்த மார்க்கெட்டுலதான் வெங்காயம் வித்துச்சு" என்றார்.

ஆகஸ்ட் 2

நகராட்சி ஆணையாளரைப் பார்த்தேன். போட்ட தீர்மானத்தைத் திரும்பப் பார்க்க வேண்டுமானால் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், அதாவது பதினொரு பேர், மன்றத்தில் ஆதரிக்க வேண்டும் என்றார். என் மனுவை வாங்கி இந்த மாதக் கடைசியில் வரும் கூட்டத்தின் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். என் பேரில் உள்ள பரிந்துரையைப் பற்றிக் கேட்டேன். "உங்க கையெழுத்துத்தானேம்மா" என்றார். ஆமாம், என் கையெழுத்துத்தான்.

ஆகஸ்ட் 4

கவுன்சிலர்களின் வாட்ஸப் குழுவில் பெண்களுக்குச் செய்தி அனுப்பலாம் என்று திறந்தேன். பதினொரு பெண்கள். அதில் சொந்த நம்பர் இருப்பது எனக்கும் இருபதாம் வார்டில் இருக்கும், ரிட்டையரான தனலட்சுமி டீச்சருக்கும் மட்டும். மற்றதெல்லாம் வீட்டுக்காரர் நம்பர். ஒன்று மகனுடையது. வணக்கம் சொன்ன பெண் குரல் ஒன்றுகூட அந்தக் குழுவில் வந்ததில்லை என்பதை இன்றுதான் யோசித்தேன்.

சொந்த நம்பர்களைத் தேட ஆரம்பித்தேன். பன்னிரண்டாம் வார்டு ஜீனத்துக்குப் போன் இருக்கிறது, பிரியாணிக் கடை ஆர்டருக்காக. "நல்லாக் கேட்டீங்க போங்க. அந்தக் குரூப்புல நான் இருக்கறதே எனக்குத் தெரியாது" என்று சிரித்தார். ஒருவருக்குப் போனே இல்லை. கல்லூரிக்குப் போகிற மகளின் போனில் கேட்பதாகச் சொன்னார். இன்னொருவர் பக்கத்து வீட்டுத் தையல்கடை நம்பரைக் கொடுத்து, "மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல அனுப்புங்க, அப்ப நான் அங்கதான் இருப்பேன்" என்றார்.

ஆகஸ்ட் 7

ஜூலைப் பொருள்கள் முழுவதையும் பேச்சுத் தமிழில் நானே பேசிப் பதிவு செய்து அனுப்பினேன். பதினேழை மட்டும் தனியாக. எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தையல்கடையிலிருந்து ஒரு பதில் வந்தது. தையல் மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு நடுவில் "கேட்டேனுங்க" என்று ஒரே சொல்.

தனலட்சுமி டீச்சர் மட்டும் போனிலேயே மறுத்துவிட்டார். தலைவர் அவருக்குச் சம்பந்தி முறை. "உனக்கு நல்ல பேர் இருக்குது மேகலா, கெடுத்துக்காத" என்றார்.

பதினான்காம் வார்டு வேலுச்சாமி எதிர்க்கட்சி. அவராகவே கூப்பிட்டார். அவருடைய அம்மா இன்னமும் மார்க்கெட்டில் வாழைப்பழம் விற்கிறாராம். "ஆனா நான் வந்தா இது கட்சிச் சண்டைன்னு சொல்லிப்போடுவாங்க, பாத்துக்கங்க" என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 11

ஊர் வாட்ஸப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றுகிறது. நான் படியில் கால் தடுக்கி விழப்போகிறேனாம். அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, காமெடிப் பாட்டுப் போட்டு, 'வழி தெரியாத கவுன்சிலர் வார்டுக்கு வழி காட்டுவாரா' என்று எழுதியிருக்கிறார்களாம். ஜீனத் படித்துச் சொன்னார்.

எனக்குப் படம் தெரியாது. சத்தத்தை மட்டும் கேட்டேன். பாட்டு தொடங்குவதற்கு முன் ஒரு குக்கர் விசில். அப்புறம் இரும்பு கேட் ஒன்று கிறீச்சிட்டுக் கடைசியில் டக்கென்று இரண்டு தடவை மோதுகிறது. எங்கள் கேட்டும் அப்படித்தான் மோதும். ஊரில் நிறைய கேட் இருக்கிறது.

அண்ணன் வீடியோவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரி எனக்குப் பிடிக்கும் என்று ஜிலேபி வாங்கி வந்தார்.

ஆகஸ்ட் 12

ஜிலேபியை அண்ணி குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டார். எறும்பு வந்துவிட்டது என்றார்.

ஆகஸ்ட் 18

காலையில் ராமாத்தாள் போன் செய்தார். கழிப்பிடத்துக் கதவுகளைக் கழற்றிவிட்டார்கள். ரிப்பேருக்கு என்று சொன்னார்களாம். மோட்டாரையும் எடுத்துவிட்டார்கள்.

போனேன். கை நீட்டிப் பார்த்தேன். கதவு இருந்த இடத்தில் கீல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. மார்க்கெட்டுப் பெண்கள் பழைய சேலைகளைக் கட்டி மறைப்புப் போட்டிருந்தார்கள். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நானும் ஒருத்திக்காக நின்று பிடித்தேன். காற்றுக்கு இழுத்தது. எதிர்வரிசையில் பேசிக்கொண்டிருந்த மூட்டை தூக்குகிறவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அப்பால் போனார்கள். செருப்புச் சத்தம் தேய்ந்து போனது.

"கூட்டம் வரைக்கும் இடிக்க உடமாட்டோமுங். நீங்க போயி உங்க வேலையப் பாருங்" என்றார் ராமாத்தாள். அதில் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 24

கம்பெனியில் லீவு கேட்டேன். எதற்கு என்று மேனேஜர் கேட்டார். மன்றக் கூட்டம் என்றேன். "அட, நீங்க கவுன்சிலரா?" என்றார். ஆறு வருடமாக அவரிடம் வேலை பார்க்கிறேன். நானாக அவரிடம் சொன்னதில்லை.

ஆகஸ்ட் 28

கூட்டம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தலைவர் வழக்கம்போல, "பொருள் ஒன்று முதல் பதினான்கு வரை படிக்கப்பட்டதாகக் கருதி" என்று ஆரம்பித்தார். நான் எழுந்தேன். "தலைவர் அவர்களே, எனக்குப் படிக்கப்படவில்லை. அனுப்பினது எல்லாம் படம். என் கருவி படிக்காது. ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்."

"ஏம்மா, உங்களுக்கு ஊட்டுல படிச்சுச் சொல்ல ஆள் இருக்குதே."

"இல்லீங்" என்றேன்.

பின்னால் பார்வையாளர் பெஞ்சில் அண்ணன் இருந்தார். அவர் பான்பராக் பாக்கெட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது.

ருக்குமணியக்காவின் நாற்காலி பின்னால் நகர்ந்தது. "எனக்கும் படிங்க" என்றார். மைக் இல்லாமல்தான் சொன்னார். ஆனாலும் கேட்டது. ஜீனத்தும், "எங்களுக்கும்தான்" என்றார். கிளார்க் படித்தார். முதல் பத்துப் பொருளுக்கும் யாரும் தடை சொல்லவில்லை. கை தூக்கி நிறைவேற்றினோம். பதினொன்றாவதாக என் மனு. ஜூலைத் தீர்மானம் பதினேழை ரத்து செய்து, கழிப்பிடத்தைப் பழுது பார்த்துத் தருவது.

தலைவர், "ஆதரிக்கறவங்க கை தூக்குங்க" என்றார். கதவோரத்தில் ருக்குமணியக்காவின் வீட்டுக்காரர் செருமினார். பெரிதாக, இரண்டு முறை.

எனக்கு அப்போது தோன்றியதைக் கேட்டேன். முன்கூட்டி யோசித்ததில்லை. "கை தூக்கினா எத்தனை பேருன்னு எனக்குத் தெரியாதுங். பேர் சொல்லிக் கூப்பிடுங்க. அவங்கவங்க வாயால சொல்லட்டும்."

ஆணையாளர் தலைவரிடம் ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னார். சட்டத்தில் தடையில்லை என்று இருக்கும். கிளார்க் வார்டு வாரியாகக் கூப்பிட ஆரம்பித்தார்.

முதல் வார்டு, ஆண். "எதிர்க்கிறேன்." இரண்டாம் வார்டு, தையல்கடை நம்பர் கொடுத்தவர். கிளார்க் மறுபடியும் கூப்பிட்டார். "ஆதரிக்கிறேனுங்க." மூன்று, நான்கு எதிர்ப்பு. ஐந்து.

"ருக்குமணி" என்று கூப்பிட்டார்கள். செருமல். வளையல் சத்தம் வரவில்லை. அக்கா மேசைமேல் கையை ஊன்றி எழுந்தார். "இடிக்கக் கூடாதுங்க" என்றார். கிளார்க், "ஆதரிக்கிறேன் அல்லது எதிர்க்கிறேன்னு சொல்லணும்மா" என்றார். "எந்தப் பக்கம் சொன்னா இடிக்கமாட்டாங்களோ அந்தப் பக்கம் எழுதிக்கங்க." யாரோ சிரித்தார்கள். அக்கா உட்காரவில்லை.

நான் ஒன்பதாவது. ஆதரிக்கிறேன் என்றேன். பிறகு வந்த பெண்களின் குரல்களில் பாதியை இன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன். ஒருவருக்குக் கனத்த குரல். ஒருவருக்குத் திக்கும்போல, சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. யாரும் அவசரப்படுத்தவில்லை. வேலுச்சாமி ஆதரித்தார். தனலட்சுமி டீச்சர், "நடுநிலை" என்றார்.

இருபத்தொன்றாம் வார்டு பெண், மகள் போனில் கேட்டவர். அவருக்கு முன்னால் ஆதரவு பத்து ஆகியிருந்தது.

"ஆதரிக்கிறேன்" என்றவர், "கேட்டுட்டுத்தான் சொல்றேன்" என்றும் சேர்த்துச் சொன்னார்.

தீர்மானம் ரத்தாகியது. தலைவர் டீ வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார்.

ஆகஸ்ட் 29

ருக்குமணியக்காவுக்குக் கன்னத்தில் வீக்கம் என்று ஜீனத் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் போனோம். பல் வலி என்றார் அக்கா. ஜீனத் ஸ்டேஷனுக்குப் போகலாம் என்றார். அக்கா, "பல்லு வலின்னு சொல்றனில்ல" என்றார். இன்று முழுக்க அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்காரர் வந்தார், எங்களைப் பார்த்தார், திரும்பிப் போனார். மாலையில் இரண்டாம் வார்டுக் கவுன்சிலரம்மாவும் வந்தார். நாளையும் யாராவது ஒருத்தர் வருவோம்.

செப்டம்பர் 5

கதவுகளை மாட்டிவிட்டார்கள். பழைய கதவுகளே. ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. எழுதிக்கொடுத்தேன்.

அடுத்த தேர்தலில் எனக்குச் சீட் கிடையாது என்று கட்சியில் பேசிக்கொள்கிறார்களாம். அண்ணனிடமிருந்து வட்டச் செயலாளர் பதவியை எடுத்துவிட்டார்கள். அண்ணி சொல்லித்தான் தெரியும். அண்ணன் என்னோடு பேசுவதில்லை.

செப்டம்பர் 13

வீடு மாறினேன். அதே வார்டு, இரண்டு தெரு தள்ளி, மாடியில் ஒரு அறையும் சமையலறையும். தனியாக இருக்கிற பெண், அதுவும் கண் தெரியாதவள் என்று மூன்று இடத்தில் மறுத்தார்கள். நான்காவது வீட்டுக்காரம்மா, கவுன்சிலர் இருந்தால் தண்ணீர் ஒழுங்காக வரும் என்று கொடுத்தார். அதுவும் ஒரு காரணம்தான்.

அண்ணி பள்ளிக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து பாத்திரங்களை அடுக்கித் தந்தார். "அந்த வீடியோ..." என்று ஆரம்பித்தார். "வேண்டாம் அண்ணி" என்றேன். இருவரும் சேர்ந்து அரிசி டின்னை நகர்த்தினோம். போகும்போது அவர் என் தலையைத் தடவினார். நானும் அழவில்லை.

செப்டம்பர் 26

அடுத்த கூட்டத்துக்கான பொருள்கள் வந்தன. ஸ்கேன் படத்தோடு தனியாக எழுத்துக் கோப்பும் அனுப்பியிருக்கிறார்கள். அதில் இரண்டு பொருள் விட்டுப்போயிருந்தது. கிளார்க்கிடம் சொன்னேன், சேர்த்து அனுப்பினார். பேசிப் பதிவு செய்து பெண்களுக்கு அனுப்பினேன். இந்த முறை வேலுச்சாமியும் கேட்டார், அவருக்கும் அனுப்பினேன்.

சாயங்காலம் மாடிப்படியில் காலடிச் சத்தம். அண்ணன். கடைசிப் படி உயரம் அதிகம், தடுமாறினார். "பாத்துண்ணா" என்றேன்.

நாற்காலி எடுத்துப் போட்டேன். டீ வைத்தேன். சர்க்கரை குறைவு என்று சொல்லாமல் குடித்தார். ஊரில் மழை இல்லை என்றார். அண்ணிக்கு மாற்றல் வரலாம் என்றார்.

"பொருள் வந்துருச்சா?"

"வந்துருச்சுண்ணா."

"படிக்கோணுமா?"

"படிச்சுட்டேன்."

டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"அந்தப் பூங்காப் பொருள் வருதாமே. நீ எந்தப் பக்கம்?" என்று கேட்டார். கவுன்சிலராகி இத்தனை நாளில் அண்ணன் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

"இன்னும் முடிவு பண்ணலண்ணா. நாளைக்கு அங்க போயி நாலு பேரக் கேக்கறேன்."

"சரி" என்றார். இன்னொரு டம்ளர் டீ கேட்டார். சர்க்கரையை அவரே எழுந்து போட்டுக்கொண்டார்.